தயாரிப்பு ஆணைக்கு நாள் குறித்தல்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில் வாளையாற்றுச் சோதனைச்சாவடியைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கடந்தவர்கள் அங்கே நின்ற லாரி வரிசையை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு லாரியின் காகிதங்களைப் பார்த்து அனுப்பச் சில நிமிடங்களே தேவைப்பட்டன. அந்தச் சில நிமிடங்களுக்காக லாரி மணிக்கணக்கில் சாலையோரம் காத்துக் கிடந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்து, எல்லையில் வணிகவரிக்காக வண்டியை நிறுத்த வேண்டிய தேவை நீங்கியபோது அந்த வரிசை கலைந்தது. லாரியின் வேகம் கூடவில்லை, சாலையின் தூரம் குறையவில்லை. காத்திருப்பு குறைந்தது, சரக்கு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

தொழிற்சாலைக்குள் நுழையும் ஒரு தயாரிப்பு ஆணையின் கதையும் இதுதான். க.க.சாவடிப் பக்கம் பம்ப் செய்யும் ஓர் ஆலையில் திட்டமிடும் வேலையை நான் கற்றுக்கொண்ட காலத்தில், ஓர் ஆணைக்கு ஆகும் நாட்களில் பெரும்பகுதி வேலையில் கழிகிறது என்றே நம்பியிருந்தேன். ஆணையோடு சேர்ந்து செல்லும் ஜாப் கார்டில் ஒவ்வொரு பணியும் தொடங்கியதற்கும் முடிந்ததற்கும் இடையிலான நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான், பன்னிரண்டு நாட்கள் உற்பத்தித் தளத்தில் இருந்த ஆணையின் மீது மனிதரின் கையோ இயந்திரத்தின் கருவியோ பட்ட நேரம் நான்கு நாட்களுக்கும் குறைவு என்பது தெரிந்தது. மீதி நேரம் முழுவதும் அது ஏதோ ஓர் இயந்திரத்தின் முன் நின்றிருந்தது. உற்பத்தித் திட்டமிடல் மென்பொருளைப் புதிதாகக் கற்க வருகிறவர் இந்த ஒன்றை முதலில் மனத்தில் கொண்டால், அதன் திரையில் தெரியும் கட்டங்களும் நிறங்களும் பிறகு தாமாகவே பொருள் தரத் தொடங்கும்.

தயாரிப்பு ஆணை என்பது, இன்ன பொருளை இத்தனை எண்ணிக்கையில் இன்ன நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று ஆலை தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் கட்டளை ஆகும். வாடிக்கையாளரின் கொள்முதல் ஆணையும் இதுவும் வேறு வேறு; ஒரு வாடிக்கையாளரின் ஆணைக்காக நான்கு தயாரிப்பு ஆணைகள் தேவைப்படலாம், பல வாடிக்கையாளர்களின் தேவையை ஒரே தயாரிப்பு ஆணையாகவும் சேர்க்கலாம். ஆணையை உருவாக்கியவுடன் மென்பொருள் இரண்டு ஏடுகளைத் திறந்து பார்க்கிறது. முதலாவது, அந்தப் பொருளுக்குள் என்னென்ன உறுப்புகள் எத்தனை எத்தனை சேருகின்றன என்று சொல்லும் பொருள் பட்டியல். ஆலைகளில் இதைப் பி.ஓ.எம். என்பார்கள். இரண்டாவது, எந்தப் பணி எந்த இயந்திரத்தில், எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில் நடக்கும் என்று சொல்லும் ரூட்டிங். மும்பையில் உருவான திறந்தமூல மென்பொருளான ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் இந்த ஆணைக்கு ஒர்க் ஆர்டர் என்று பெயர். அதன் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி ஜாப் கார்டு பிறக்கிறது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளான எஸ்.ஏ.பி. இதையே புரொடக்‌ஷன் ஆர்டர் என்கிறது. பெயர்கள் மாறினாலும் உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றே.

அந்தக் கணக்கில் ஒரு பணிக்கான நேரம் ஒரே எண்ணாக இருப்பதில்லை. இயந்திரத்தை அந்த வேலைக்குத் தயார்செய்யும் செட்டிங் நேரம் ஒன்று. அது ஒரு பொருளுக்கும் அதேதான், நூறு பொருளுக்கும் அதேதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஆகும் இயங்கும் நேரம் இன்னொன்று. அது எண்ணிக்கையால் பெருகும். வார்னிஷ் காய்வது, வார்ப்பு ஆறுவது போல ஆளும் இயந்திரமும் இல்லாமலேயே கழிந்தாக வேண்டிய நேரம் மூன்றாவது. அது ஷிப்ட் முடிந்த பின்னும் இரவெல்லாம் ஓடும். ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்த்தும் நேரம் நான்காவது. இவை எல்லாவற்றையும் விடப் பெரியதாக இருக்கக்கூடியதும், யாரும் கடிகாரம் வைத்து அளக்காததுமான, இயந்திரத்தின் முன் காத்து நிற்கும் வரிசை நேரம் ஐந்தாவது. புதிதாக மென்பொருளை நிறுவுகிறவர்கள் முதல் இரண்டை மிகுந்த கவனத்தோடு பதிந்துவிட்டு, ஐந்தாவதற்கு ஏதாவது ஒரு பொது எண்ணை இட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஓர் ஆணையை எடுத்துக்கொண்டு நாள் குறித்துப் பார்ப்போம். மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இணைந்த அறுபது மோனோபிளாக் பம்புகள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லாரியில் ஏற வேண்டும். ஆலை காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை இயங்குகிறது. பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வரை சாப்பாட்டு இடைவேளை. ஆக ஒரு நாளில் கிடைப்பது 480 நிமிடம். பம்பின் வெளிக்கூடான கேசிங்கை, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் கடைய செட்டிங்குக்கு 45 நிமிடமும் ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடமும் ஆகும். அறுபதுக்கு 765 நிமிடம். மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரில் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை மூன்று மேசைகளில் சேர்ந்து நடந்தால் 400 நிமிடம். அதன்பின் வார்னிஷில் தோய்த்து அடுப்பில் எட்டு மணி நேரம் வைக்க வேண்டும். கேசிங்கும் மோட்டாரும் சேரும் பொருத்துதலுக்கு 450 நிமிடம், தண்ணீர்த் தொட்டியில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு 360 நிமிடம், பெயின்ட் அடித்துப் பெட்டியில் கட்ட ஒரு முழு நாள்.

முடிய வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது ஒரு முறை. பெயின்ட்டும் பெட்டியும் சனிக்கிழமையை முழுதாக எடுத்துக்கொள்வதால் சோதனை வெள்ளி மாலை ஐந்துக்குள் முடிய வேண்டும். அதிலிருந்து 360 நிமிடம் பின்னே போனால், சாப்பாட்டு அரை மணியைத் தாண்டி, வெள்ளி காலை பத்தரைக்குச் சோதனை தொடங்க வேண்டும். பொருத்துதல் அந்தப் பத்தரைக்குள் முடிய வேண்டுமானால் வியாழன் காலை பதினொரு மணிக்குத் தொடங்கியாக வேண்டும். அந்தப் பதினொரு மணிக்கு வார்னிஷ் காய்ந்த ஸ்டேட்டர் கையில் இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் பின்னே போனால் விடியற்காலை மூன்று மணி வருகிறது. அந்நேரம் அடுப்பில் ஏற்ற ஆளில்லை என்பதால் புதன் மாலை ஐந்துக்குள் ஏற்றிவிட வேண்டும். ஆகவே வைண்டிங் புதன் காலை 9.50க்குத் தொடங்க வேண்டும். மறுபக்கம், கேசிங் கடையும் 765 நிமிடத்தை வியாழன் பதினொரு மணியிலிருந்து பின்னோக்கி விரித்தால் புதன் முழுவதையும் விழுங்கிச் செவ்வாய் பிற்பகல் 2.45இல் போய் நிற்கிறது. அதற்கு முன்பே வார்ப்புகள் ஸ்டோரில் இருக்க வேண்டும். வார்ப்பு வர ஆறு நாள் ஆகுமென்றால் அதற்கான கொள்முதல் எப்போது போயிருக்க வேண்டும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். கல்யாணத்துக்கு முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு பத்திரிகை அடிக்கும் நாள் வரை பின்னோக்கிக் கணக்கிடுகிற வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த முறையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று, இந்த நேரத்தில் தொடங்கினால் எப்போது முடியும் என்று முன்னோக்கி எண்ணுவது இன்னொரு முறை. வாடிக்கையாளர் நாளைச் சொல்லாமல் எப்போது தருவீர்கள் என்று கேட்கும்போதும், பின்னோக்கி எண்ணிப் பார்த்ததில் தொடக்க நாள் நேற்றைய தேதியில் விழும்போதும் இதுவே கைகொடுக்கும். பெரும்பாலான மென்பொருள்கள் பின்னோக்கி எண்ணிப் பார்த்து, தொடக்கம் கடந்த காலத்தில் விழுந்தால் இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணும்படி அமைக்கப்பட்டிருக்கும்.

இதுவரை நாம் போட்ட கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. செவ்வாய் பிற்பகல் 2.45க்கு அந்த சி.என்.சி. இயந்திரம் சும்மா இருக்கும் என்று நாமாக வைத்துக்கொண்டோம். 1964ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி உருவாக்கிய பொருள் தேவைத் திட்டமிடல் முறையிலும், அதன் வழிவந்த பல மென்பொருள்களின் அடிப்படைக் கணக்கிலும் இதே அனுமானம்தான் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான ஒரு நாட்கணக்கை வைத்துக்கொண்டு அவை நாள் குறிக்கின்றன. ஒரே இயந்திரத்தில் ஒரே நேரத்தில் ஐந்து ஆணைகள் விழுந்தாலும் ஐந்தையும் ஏற்றுக்கொள்கின்றன. இதை வரம்பற்ற கொள்திறனில் நாள் குறித்தல் என்பார்கள். இயந்திரத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும் வேலையைப் பார்த்து, காலியான இடத்தில் மட்டும் புதிய ஆணையை வைப்பது வரம்புள்ள கொள்திறனில் நாள் குறித்தல். உங்கள் மென்பொருள் இவ்விரண்டில் எதைச் செய்கிறது என்று தெரியாமல் அது தரும் தேதியை வாடிக்கையாளருக்குச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் உற்பத்தி அமைப்புகள் பக்கத்தில் கொள்திறன் திட்டமிடலை முழுவதுமாக நிறுத்திவைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே அந்த மென்பொருளில் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை.

நம் ஆணைக்கே திரும்புவோம். வேறோர் ஆணையால் சி.என்.சி. இயந்திரம் புதன் பகல் பன்னிரண்டரை வரை நிறைந்திருக்கிறது. ஒரு மணிக்குத்தான் காலியாகிறது. அங்கிருந்து முன்னோக்கி எண்ணினால் கேசிங் வெள்ளி காலை 9.15க்கு முடியும், பொருத்துதல் சனி காலை 8.45க்கு, சோதனை சனி பிற்பகல் 3.15க்கு, பெயின்ட்டும் பெட்டியும் ஞாயிறு விடுமுறையைத் தாண்டித் திங்கள் பிற்பகல் 3.15க்கு. வரம்பற்ற கணக்கு சனிக்கிழமை என்றது. வரம்புள்ள கணக்கு திங்கட்கிழமை என்கிறது. இரண்டாவதே உண்மை. இதைச் சனிக்கிழமை காலையில் கண்டுபிடிக்கும் ஆலைக்கும், அதற்கு முந்தைய வாரமே கண்டுபிடிக்கும் ஆலைக்கும் உள்ள வேறுபாட்டுக்காகத்தான் மென்பொருளுக்குப் பணம் கொடுக்கிறோம்.

முன்கூட்டியே தெரிந்தால் செய்யக்கூடியது என்ன? அறுபது கேசிங்கும் முடிந்த பிறகுதான் பொருத்துதல் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முப்பது முடிந்தவுடன் அவற்றை முன்னே அனுப்பிவிட்டால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். புதன் ஒரு மணிக்குத் தொடங்கினால் செட்டிங்கோடு சேர்த்து முதல் முப்பது வியாழன் 11.15க்கு முடியும். பொருத்துகிறவர்கள் அவற்றை எடுத்து அன்று பிற்பகல் 3.30க்கு முடிக்கிறார்கள், அந்த முப்பதின் சோதனை வெள்ளி காலை பத்துக்கு முடிகிறது. இரண்டாம் முப்பது வெள்ளி 9.15க்குக் கேசிங்கை விட்டு வெளியே வந்து, பிற்பகல் 1.30க்குப் பொருத்தப்பட்டு, 4.30க்குச் சோதனையும் முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை முழு நாளும் பெயின்ட்டுக்குக் கிடைக்கிறது. லாரி சொன்ன நேரத்தில் புறப்படுகிறது. புதிய இயந்திரம் வாங்கவில்லை, கூடுதல் நேரம் ஓட்டவில்லை, யாரையும் வேகமாகச் செய்யச் சொல்லவில்லை; முடிந்த கேசிங்குகள் மற்றவற்றுக்காக நின்றுகொண்டிருந்த நேரத்தை மட்டும் எடுத்துவிட்டோம். இதற்கு ஒரு விலை உண்டு: தள்ளுவண்டி இரண்டு முறை போக வேண்டும், இரண்டு தொகுதிகளும் கலந்துவிடாமல் அட்டை கட்டிவைக்க வேண்டும். பத்துப் பத்தாகப் பிரித்தால் இந்தத் தொல்லை வளர்ந்து பயனை விழுங்கிவிடும்.

வரிசை ஏன் இவ்வளவு நீள்கிறது என்ற கேள்விக்குக் கணிதம் தெளிவான விடை தருகிறது. வேலை ஒரே சீராக வராமல் முன்னும் பின்னுமாக வந்து சேரும் ஓர் இயந்திரத்தை எளிய வரிசைக் கோட்பாட்டின்படி பார்த்தால், அது தன் நேரத்தில் பாதி மட்டும் வேலை செய்யும்போது ஒரு வேலை சராசரியாகத் தன் செயல்நேரம் அளவுக்கே காத்திருக்கும். எண்பது விழுக்காடு வேலை செய்தால் செயல்நேரத்தைப் போல் நான்கு மடங்கு காத்திருக்கும். தொண்ணூறு என்றால் ஒன்பது மடங்கு. தொண்ணூற்றைந்து என்றால் பத்தொன்பது மடங்கு. இயந்திரம் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக் கூடாது என்று ஆசைப்படும் முதலாளி, அதற்கான விலையைக் காத்திருக்கும் ஆணைகளில் கொடுக்கிறார். ஆலை முழுவதன் வேகத்தையும் தீர்மானிக்கும் நெருக்கடியான ஓர் இயந்திரத்தை இடைவிடாமல் ஓட்டுவது சரியே, ஏனென்றால் அதில் போன ஒரு மணி நேரம் ஆலை முழுவதற்கும் போன ஒரு மணி நேரம். ஆனால் எல்லா இயந்திரங்களையும் அப்படி ஓட்ட முயன்றால் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வாளையாறு உருவாகிவிடும்.

ஜான் லிட்டில் 1961இல் நிறுவிக் காட்டிய ஒரு தொடர்பு இங்கே மிகவும் பயன்படும். தளத்தில் நிற்கும் ஆணைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் ஆணைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் ஆணை தளத்தில் கழிக்கும் சராசரி நாட்கள் கிடைக்கும். தளத்தில் 120 ஆணைகள் இருந்து நாளொன்றுக்குப் பத்து முடிந்தால் ஓர் ஆணைக்குப் பன்னிரண்டு நாள். முடியும் வேகம் குறையாமல் தளத்தில் நிற்பதை அறுபதாக்கினால் ஆறு நாள். இதிலிருந்து புதியவர்கள் ஏற்கத் தயங்கும் ஒரு முடிவு கிடைக்கிறது: தாமதமாகிறது என்று அஞ்சி ஆணைகளை முன்கூட்டியே தளத்துக்கு விட்டால் தாமதம் கூடும். மென்பொருளில் ஆணையை உருவாக்குவதும் அதைத் தளத்துக்கு விடுவிப்பதும் இரண்டு தனித்தனிப் படிகளாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். உருவாக்கப்பட்ட ஆணை ஒரு திட்டம். அதற்குரிய பொருட்கள் ஒதுக்கப்படலாம், நாட்கள் மாறலாம், ஆணையே நீக்கப்படலாம். விடுவிக்கப்பட்ட ஆணை ஒரு வாக்குறுதி. ஜாப் கார்டு அச்சாகி, ஸ்டோரிலிருந்து பொருள் வெளியே வந்து, யாரோ ஒருவரின் மேசையில் இடம் பிடிக்கிறது. எல்லா உறுப்புகளும் இருப்பில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விடுவிக்கும்படி மென்பொருளை அமைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஒரு பேரிங் இல்லாமல் தளத்தில் நிற்கும் அறுபது பம்புகள் அடைக்கும் இடமும் முடக்கும் பணமும், பேரிங் வரும்வரை ஸ்டோரிலேயே இருந்திருந்தால் ஏற்பட்டிருக்காது.

ஓர் இயந்திரத்தின் முன் நான்கு ஆணைகள் நிற்கும்போது எதை முதலில் எடுப்பது என்பது அடுத்த கேள்வி. வந்த வரிசையில் எடுப்பது யாருக்கும் மனக்குறை தராது; ஆனால் அதற்கு வேறு சிறப்பு இல்லை. முதலில் முடிய வேண்டியதை முதலில் எடுத்தால், ஒரே இயந்திரத்தில் மிக அதிகமாகத் தாமதப்படும் ஆணையின் தாமதம் இயன்ற அளவு குறையும். இதை ஜாக்சன் 1955இல் நிறுவினார். குறைந்த நேரம் எடுப்பதை முதலில் எடுத்தால் சராசரிக் காத்திருப்பு குறையும். இது 1956இல் ஸ்மித் காட்டியது. எட்டு மணி நேர வேலையும் ஒரு மணி நேர வேலையும் நிற்கையில் பெரியதை முதலில் எடுத்தால் அவை எட்டிலும் ஒன்பதிலும் முடியும், சராசரி எட்டரை. சிறியதை முதலில் எடுத்தால் ஒன்றிலும் ஒன்பதிலும் முடியும், சராசரி ஐந்து. இந்த விதியை மட்டும் நம்பினால் பெரிய ஆணை ஒன்று என்றைக்கும் பின்தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். செட்டிங் ஒத்துப்போகும் ஆணைகளை அடுத்தடுத்து வைப்பதும், வெளிர்நிறப் பெயின்ட்டுக்குப் பிறகு அடர்நிறத்தை வைப்பதும் தளத்து மேற்பார்வையாளர் கைப்பழக்கமாகச் செய்வதே. செட்டிங் நேரத்தை எந்தப் பொருளிலிருந்து எந்தப் பொருளுக்கு என்று பிரித்துப் பதிந்து வைத்தால் மென்பொருளும் அதைச் செய்யும்.

பல ஆணைகள் பல இயந்திரங்களில் வெவ்வேறு வழியில் செல்லும்போது இந்தக் கணக்கு எவ்வளவு கடினமாகிறது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. பத்து வேலைகளைப் பத்து இயந்திரங்களில் மிகக் குறைந்த மொத்த நேரத்தில் முடிக்கும் வரிசையைக் கேட்டு ஃபிஷரும் தாம்சனும் 1963இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதன் விடையான 930 அலகு நேரம்தான் மிகச் சிறந்தது என்பதைக் கார்லியேயும் பின்சனும் 1989இல்தான் உறுதிசெய்ய முடிந்தது. ஒரே இயந்திரத்தில் பத்து வேலைகளை நிறுத்தவே 36,28,800 வரிசைகள் உண்டு. ஆகவே மென்பொருள் காட்டும் அட்டவணை நல்ல ஓர் அட்டவணை என்று கொள்ள வேண்டுமே தவிர, அதைவிடச் சிறந்தது இல்லை என்று கொள்ளக் கூடாது. ஆணைகளைப் பட்டைகளாக இழுத்து நகர்த்தும் வசதியோடு திரையில் தெரியும் கான்ட் வரைபடம் இதற்காகவே இருக்கிறது. 1910களில் அமெரிக்கரான ஹென்றி கான்ட் பரப்பிய படம் அது. ஏறக்குறைய அதே போன்ற ஒன்றைப் போலந்தின் கரோல் அடமியெக்கி 1896இலேயே வரைந்திருந்தார். அந்தப் பட்டையை நகர்த்தும் முன், அந்த இயந்திரத்தின் முன் நிற்கும் ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது எப்போதும் பயன்தரும்.

நாட்காட்டியைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எல்லையோரத்து ஆலைகள் இதில்தான் அதிகம் வழுக்குகின்றன. ஒரு நாளில் 480 நிமிடம் என்று மென்பொருளுக்குச் சொல்வது வேலை நாட்காட்டி. அதில் இல்லாத விடுமுறை மென்பொருளுக்கும் இல்லை. எங்கள் ஆலை இருந்தது தமிழ்நாட்டில் என்பதால் பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் பதியப்பட்டிருந்தன. வைண்டிங் பிரிவில் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் எல்லைக்கு அப்பால், கேரளத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புகிறவர்கள். நான் முதன்முதலாக முழுப் பொறுப்போடு நாள் குறித்த ஆவணி மாதத்தில் ஒரு பெரிய ஆணை திருவோண வாரத்தில் விழுந்தது. மென்பொருள் தந்த தேதியை அப்படியே தேனியில் இருந்த விற்பனையாளருக்குச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் நெருங்கியபோது வைண்டிங் பிரிவின் மூத்தவர் என்னிடம் வந்து, "திருவோணத்துக்கு எங்க ஊர்ல யாருங்க வேலைக்கு வருவாங்க? நாங்க வெள்ளிக்கிழமை போனா அடுத்த புதன்தானுங்க வருவோம்" என்றார். அவர் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை; ஆண்டுதோறும் நடப்பதுதான். நான்தான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. விற்பனையாளர் தம் வாடிக்கையாளர்களிடம் பேச்சு கேட்க நேர்ந்தது என் மனத்தில் நெடுநாள் உறுத்தியது.

அதற்குப் பிறகு ஆலை முழுவதற்கும் ஒரே நாட்காட்டி என்ற வழக்கத்தை விட்டுவிட்டோம். ஒரு வகை வேலை நடக்கும் இடமான வேலை மையம் ஒவ்வொன்றுக்கும் தனி விடுமுறைப் பட்டியலை இணைக்கும் வசதி ஈ.ஆர்.பி.நெக்ஸ்டிலும் உண்டு, பெரிய மென்பொருள்களிலும் உண்டு. வைண்டிங்குக்கு ஓணமும் விஷுவும் சேர்ந்த பட்டியல், சி.என்.சி. பிரிவுக்கு வேறொன்று. ஆட்கள் குறையும் நாட்களில் மையத்தை முழுதாக மூடாமல் மூன்று மேசைக்குப் பதில் ஒரு மேசை என்று கொள்திறனை மட்டும் குறைத்துப் பதியலாம். தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து காற்றில் ஈரம் நிற்கும் ஆனி, ஆடி மாதங்களில் பெயின்ட் காயும் நேரத்தைக் கூட்டி வைப்பதும் இதே வகைத் திருத்தம்தான்.

வெளியே அனுப்பிச் செய்யும் ஜாப் ஒர்க் பணிகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஷாப்ட்டுகளைக் கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு பட்டறைக்கு அனுப்பிக் கடினப்படுத்தி வாங்கினால், மென்பொருளில் அது இயந்திர நேரம் இல்லாத, நாட்கணக்கு மட்டும் உள்ள ஒரு பணியாகப் பதியப்படும். தொலைவு அரை மணிப் பயணமே. ஆனால் இடையில் மாநில எல்லை இருப்பதால், ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரக்கு செல்வதற்கான மின்னணுச் சீட்டான ஈ-வே பில் எடுத்தாக வேண்டும். அதற்கு அலுவலகத்தில் உரியவர் வர வேண்டும், வண்டி நிறையும் வரை காத்திருக்க வேண்டும், அந்தப் பட்டறையிலும் ஒரு வரிசை இருக்கும். கடினப்படுத்த எட்டு மணி நேரம் என்று பதிந்துவிட்டு நான்கு நாள் கழித்துப் பொருள் வரும்போது வியப்பதில் பயனில்லை. சென்ற பத்து முறை அனுப்பியபோது போன தேதியையும் வந்த தேதியையும் எடுத்துப் பார்த்து, அதில் மோசமானவற்றுக்கு நெருக்கமான ஒரு நாட்கணக்கைப் பதிவதே முறை.

அட்டவணையை எவ்வளவு அடிக்கடி மாற்றலாம் என்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். மென்பொருளால் ஒவ்வோர் இரவும் எல்லா ஆணைகளுக்கும் புதிதாக நாள் குறிக்க முடியும். முடிகிறது என்பதற்காக அப்படிச் செய்தால், காலையில் ஷிப்டுக்கு வருகிறவர் நேற்று பாதி செட்டிங் செய்து வைத்த வேலை இன்று பட்டியலிலேயே இல்லாததைக் காண்பார். வரும் மூன்று நாட்களை உறைந்த காலம் என்று வைத்து, அதற்குள் மேலாளரின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகரக் கூடாது என்றும், அதற்கு அப்பால் மென்பொருள் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம் என்றும் நாங்கள் வைத்துக்கொண்ட பிறகுதான் தளத்தில் இருப்பவர்கள் அச்சிட்ட பட்டியலை நம்பத் தொடங்கினார்கள்.

இவை அனைத்தும் ஒரு சிறிய செயலைச் சார்ந்து நிற்கின்றன: முடிந்ததை முடிந்தவுடன் பதிவது. நம் ஆணையில் வியாழன் மாலை ஐந்து மணிக்குக் கேசிங் 56 முடிந்திருக்க வேண்டும். ஆபரேட்டர் ஜாப் கார்டில் 48 என்று பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கேசிங் பின்தங்கியிருக்கிறது. அதாவது 96 நிமிடம். வெள்ளி காலை 9.15க்கு வர வேண்டிய இரண்டாம் முப்பது 10.51க்குத்தான் வரும், சோதனை சனிக்கிழமைக்குள் வழியும், பெயின்ட் காய நேரம் இருக்காது. இது வியாழன் மாலை ஐந்து மணிக்கே திரையில் தெரிந்தால் செய்ய ஒரு வழி இருக்கிறது: 6.36 வரை இயந்திரத்தை ஓட்டி, அந்த நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி கொடுத்து, ஆணையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு ஆபரேட்டர் மாலை ரயிலுக்குக் கிளம்பும் முன் அவரிடம் கேட்டு, இரவு ரயிலோ பேருந்தோ அவருக்குக் கிடைக்குமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். 48 என்ற எண் வெள்ளி காலை பத்து மணிக்கு மென்பொருளுக்குள் ஏறினால், அந்த 96 நிமிடத்தை எங்கிருந்தும் எடுக்க முடியாது.